மாவுக்கட்டுக்குள் என் மகள்

என் மூத்த மகள் நடக்கத் தொடங்கியதே தாமதம். நடந்தபோதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். காம்பாரை அடுத்த ரப்பர் தோட்டத்தில் நானும் என் கணவரும் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் அவள் நடையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒருநாள் மடியில் கிடத்தி எண்ணெய் தேய்க்கும்போது இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டிப் பார்த்தேன். இடது குதிகால் வலது குதிகாலுக்கு எட்டவில்லை. மறுபடி சேர்த்து நீட்டினேன். அப்படியேதான் இருந்தது.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் பார்த்துவிட்டு எங்களை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தமிழர் ஒருவர் எங்களுக்கு எடுத்துச் சொன்னார்.

"தொடை எலும்பு இடுப்புக் குழியில சரியா உட்காரலம்மா. பொறவியிலேயே அப்படித்தான். மயக்க மருந்து குடுத்து உள்ள தள்ளி, மாவுக்கட்டு போடணும். பல மாசம் கட்டோட இருக்கணும்."

"அப்புறம் நல்லா நடப்பாளா?" என்று கேட்டேன்.

அவர் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் நீளமாக ஏதோ பேசினார். இவர் என் பக்கம் திரும்பி, "நடக்கலாம்னு சொல்றாரு" என்றார். அவ்வளவு நீளப் பேச்சில் இவர் எதை விட்டுவிட்டார்? கட்டுப் போட்ட பிள்ளையோடு ரயிலில் திரும்பும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வயிற்றிலிருந்து முழங்கால் வரை கட்டு. கால்கள் இரண்டும் தவளைக்கால் போல விரிந்து நின்றன. தூளியில் போட முடியாது. துணிமூட்டைகளை அண்டைகொடுத்துப் பாயில்தான் கிடத்த வேண்டும். கட்டு நனையக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழைய வேட்டியைக் கிழித்து விளிம்பில் செருகுவதும், ஈரம் பட்டவுடன் உருவுவதுமாகவே என் பொழுது போனது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விடலாமென்று தூக்கிப்போனால், ஆயா கிட்டே வரவே பயந்தாள்.

"என்னால ஆவாதுக்கா. கட்டு ஒடைஞ்சிருச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?"

நான் வேலைக்குப் போவதை நிறுத்தினேன். வெயில் ஏறினால் பிள்ளைக்கு உள்ளே அரிக்கும். கட்டின்மேல் நகத்தால் பிறாண்டி அழுவாள். விரலை விட்டால் எட்டாது. எறும்பு புகுந்திருக்குமோ, புண் வைத்திருக்குமோ என்று கட்டின் ஓரத்தில் மூக்கை வைத்து வைத்து முகர்ந்துபார்ப்பேன்.

பயந்தபடியே ஒருநாள் நாற்றம் வந்தது. உடம்பும் சுட்டது. வேலை முடிந்து வந்த என் கணவர் குனிந்து முகர்ந்தார். எழுந்துபோய்ப் புதர் வெட்டும் பாராங்கத்தியை எடுத்துவந்தார்.

"உள்ள அழுகுது புள்ள. வெட்டிடறேன்."

"வேணாங்க. எலும்பு மறுபடி நகர்ந்துட்டா?"

"காலு போனா போகட்டும். உசிரு வேணுமில்ல?"

நான் பிள்ளைமேல் கவிழ்ந்து கட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். "இப்பவே ஈப்போ போலாம். கத்தியைக் கீழ போடுங்க."

"போற வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அவர் சொல்வதுதான் சரியோ என்றுகூட இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவரே கத்தியை வைத்துவிட்டு ரயிலடிக்குப் போக மாட்டுவண்டி கேட்கப் போனார்.

ஆஸ்பத்திரியில் கட்டின் முன்பக்கத்தில் ஒரு சிறு சதுரம் அறுத்து எடுத்தார்கள். டாக்டர் இடுக்கியை விட்டு வெளியே எடுத்தது ஒரு ரப்பர் கொட்டை. லயத்து வாசலெல்லாம் அது வெடித்து விழுந்து கிடக்கும் பருவம். எப்போது உள்ளே தள்ளினாளோ! அது அழுத்திய இடத்தில் புண் சீழ் பிடித்திருந்தது. "எலும்பு எடத்துல இருக்கு, புண்ணு ஆறிரும்" என்றார் அந்தத் தமிழர். என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மேலும் சில மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கால்கள் குச்சியாக இளைத்திருந்தன. விரிந்தவை விரிந்தபடியே இருந்தன, சேரவில்லை. "போகப் போகச் சேரும்" என்றார்கள். நான் நம்பவில்லை. தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்ந்தன. பிறகு தவழ்ந்தாள், சுவரைப் பிடித்து நின்றாள்.

ஒரு காலையில் சுவரை விட்டு, தண்ணீர்க் குழாயடியை நோக்கித் தானாக நடந்தாள். விழுந்துவிடுவாளோ என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அவள் திரும்பிப் பார்த்து, "நீ போம்மா" என்றாள்.