ஏழாம் பாத்தியில் இறங்கிய இரும்புக் கை

பலராமனின் டிராக்டருக்குப் பின்னால் மண் அள்ளும் இரும்புக் கை ஒன்று உண்டு. மரக்காணம் உப்பளத்தில் தூர்ந்துபோன வாய்க்காலை வெட்டவும், மழையில் கரைந்த வரப்பை உயர்த்தவும்தான் அதை வாங்கினான். மூன்றாம் மாதத்திலிருந்து அந்தக் கை அதோடு மற்ற எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்தது.

அனுமந்தையில் ஒரு மாடிக்குத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றியது. பஞ்சரான மோட்டார் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனது. கோயில் திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்டியது. அன்றைக்குக் கையின் நுனியில் மண் அள்ளும் பக்கெட்டுக்குள் நின்றவன் பலராமன்; கையை இயக்கியவர் அதற்கு முன் சைக்கிள் மட்டுமே ஓட்டியவர். எருமை ஒன்று முதுகு சொறிந்துகொள்ள பக்கெட்டின் பற்களைத் தேடி தினமும் வரத் தொடங்கியது.

"இதால ஆகாத வேலை இன்னா இருக்குது?" என்பான் பலராமன். வயது நாற்பத்து நான்கு, எடை தொண்ணூறு கிலோ, தீராத இடுப்பு வலி. இடுப்பு வலிக்காரர்களுக்கு உட்கார்ந்தபடியே முடியும் வேலைமேல் ஒரு பக்தி உண்டு.

அவன் மனைவி பாக்கியலட்சுமி அதே உப்பளத்தில் பாத்தி மிதிப்பவள். அவளையும் சேர்த்து எட்டுப் பெண்கள், அவள்தான் மேஸ்திரி. மழைக்காலம் முடிந்து பாத்தியில் நின்ற தண்ணீரை வடித்ததும், சேற்றுத் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். வரிசையாக நின்று, ஒரு பாதம் வைத்த இடத்தை ஒட்டியே அடுத்த பாதம். ஒரு பாத்திக்குப் பத்து நாள். தரை இறுகினால்தான் உப்புநீர் கீழே இறங்காமல் நிற்கும், உப்பும் வெள்ளையாக வரும்.

மாலையில் அவள் வெந்நீரில் காலை வைத்து ஊறவிட்டு, விரலிடுக்கைத் துடைத்து, வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவுவாள். அதைப் பார்த்துத்தான் பலராமனுக்கு அந்த யோசனை வந்தது. பாதி இரக்கம், பாதி பெருமை. அவனைக் கேட்டால் முழுக்க இரக்கம் என்பான்.

"பக்கெட்ட கவுத்து வச்சு டம்மு டம்முன்னு தட்டினா தரை கல்லு மாதிரி ஆயிடும். ஒரே காலைல ஒரு பாத்திய முடிச்சிடுவேன்" என்றான்.

"அது வாய்க்கா வெட்ற கை."

"கைக்கு இன்னா தெரியும், எது வாய்க்கா எது பாத்தின்னு?"

"கைக்குத் தெரியாதுதான். ஓட்றவனுக்குத் தெரியணும்ல?"

அவன் நேரே காசிலிங்கத்திடம் போனான். பன்னிரண்டு பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவர். பேச்சைச் செலவழிக்காதவர்.

"ஏழாம் பாத்திய எடுத்துக்க. நல்லா வந்தா பன்னெண்டையும் நீயே பண்ணு. கெட்டுதுன்னா உன் வண்டி என் வரப்புல ஏறாது. வாய்க்கா வேலைக்கும் வேற ஆளப் பாத்துக்குவேன்."

வாய்க்கால் வேலைதான் வருஷம் முழுக்க வீட்டு அடுப்பை எரிய வைத்தது. பல்பு கட்டியதற்குக் கிடைத்தது ஒரு துண்டு, தொட்டி ஏற்றியதற்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். இருந்தும் பலராமன் தலையாட்டிவிட்டான்.

"அப்ப நாங்க இன்னா பண்றது மாமா?" என்று கேட்டாள் வினோதினி. பாக்கியலட்சுமியின் தங்கை, அதே கூட்டத்தில் மிதிப்பவள்.

"நீங்க சொகமா உப்பு மட்டும் வாருங்க."

"சொகமா உப்பு வாருன ஆள நான் இன்னும் பாக்கல மாமா. பாத்தா சொல்லி அனுப்பு."

திங்கட்கிழமை காலை பெண்கள் ஆறாம் பாத்தியில் மிதித்துக்கொண்டிருக்க, பலராமன் ஏழாம் பாத்தியில் வண்டியை இறக்கினான். வண்டி ஆடாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒன்றாக ஊன்றும் இரண்டு இரும்புக் கால்களையும் இறக்கினான். பக்கெட்டைக் கவிழ்த்து ஒரு தட்டு. சேறு பளபளவென்று வழவழப்பானது. இன்னொரு தட்டு. ஆறாம் பாத்தியைத் திரும்பிப் பார்த்தான். யாரும் பார்க்காததால் ஹாரன் அடித்தான்.

பாத்தித் தரை என்பது வருஷக்கணக்கில் மிதித்து உண்டான தோல், நாலு விரல் கனம். அடியில் இருப்பது கூழ். தோல் பாதத்தைத் தாங்கும், இரும்பைத் தாங்காது. பத்தாவது தட்டில் வலது இரும்புக் கால் பொத்துக்கொண்டு உள்ளே போனது. வண்டி சாய்ந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். சரிந்து விழுந்த நோயாளியை அக்குளில் கைகொடுத்து வெடுக்கென்று இழுப்பவர்கள் இருக்கிறார்கள்; நோயாளியின் தோளும் போகும், இழுத்தவர் இடுப்பும் போகும். பலராமன் வண்டிக்கு அதைத்தான் செய்தான். பக்கெட்டைத் தரையில் ஊன்றி வண்டியை நெம்பித் தூக்கப் பார்த்தான். வண்டி எழவில்லை. பக்கெட்டும் இறங்கியது, இடது காலும் இறங்கியது, கைக்கு எண்ணெய் போகும் குழாய் ஒன்று விரிசல் விட்டு உஸ்ஸென்று பீச்சியது. அவன் குதித்து, அதை உள்ளங்கையால் அடைக்கப் போனான்.

"யோவ், கைய வைக்காத. வண்டிய நிறுத்து மொதல்ல."

பாக்கியலட்சுமி வரப்பைத் தாண்டி ஓடிவந்து அவன் மணிக்கட்டில் அடித்தாள். அந்த அழுத்தத்தில் பீச்சும் எண்ணெய் ஊசிபோலத் தோலுக்குள் ஏறிவிடும். வெளியே தெரிவது ஒரு புள்ளி. உள்ளே விரலே அழுகலாம். வண்டியோடு வந்த புத்தகத்தில் இதற்குப் படமே போட்டிருந்தது. பலராமன் அந்தப் புத்தகத்தை ஆடும் பீரோவின் காலுக்கு அண்டை கொடுத்திருந்தான். கொடுக்கும் முன் அவள் படித்திருந்தாள்.

இன்ஜின் நின்றது. பெண்கள் எண்ணெய் பட்ட சேற்றை வழித்துச் சாக்கில் கட்டி வெளியேற்றினார்கள். சக்கரத்தடியில் பனங்கட்டைகளைச் செருகி, வரப்பில் நின்ற வேறொரு டிராக்டரில் கயிறு கட்டி இழுக்க மதியமாகிவிட்டது.

"மாமா, பக்கெட்ட கவுத்தது தரைய தட்டவா, இல்ல மூஞ்சிய மறைச்சிக்கவா?" என்றாள் வினோதினி. பலராமன் சக்கரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே கழுவிய சக்கரம்.

காசிலிங்கம் கிழிந்த தரையைப் பார்த்தார். "கெட்டுப்போச்சு."

"முழுசா கெடலண்ணா" என்றாள் பாக்கியலட்சுமி. "பத்து நாள் குடுங்க. மிதிச்சுத் தர்றோம். எட்டு பேர் இல்ல, ஒம்போது பேர்."

காசிலிங்கம் பலராமனின் கால்களைப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை என்று முகமே சொன்னது. "இறுகுனா வாய்க்கா வேலை இருக்குது. இல்லன்னா இல்ல."

முதல் நாள் அவன் மூன்று முறை விழுந்தான். குதிகாலை முதலில் ஊன்றினான். முழுப் பாதமும் ஒரே சமயத்தில் பதிய வேண்டும் என்று புரியவே இரண்டு நாள் ஆனது. வரிசையில் இடைவெளி விட்டான்.

"மாமா, நடுவுல இவ்ளோ எடம் வுட்டுட்டுப் போறியே, பஸ் ஸ்டாண்ட் கட்டப் போறாங்களா?"

நாலாம் நாள் பாக்கியலட்சுமி அவனை வரிசையிலிருந்து எடுத்து, இரும்புக் கால்கள் பொத்த இரண்டு குழிகளில் விட்டாள். களிமண் போடப் போட அவன் மிதித்தான். தொண்ணூறு கிலோவுக்கு முதன்முறையாக மரியாதை கிடைத்தது. ஆனால் குதிகால் வெடித்து, வெடிப்பில் உப்பு இறங்கியது. அது எப்படி எரியும் என்பதைப் பற்றி அவன் அதற்கு முன் நிறைய ஆறுதல் சொல்லியிருக்கிறான். இப்போது அந்தக் காலாலேயே மிதித்தான்.

பதினோராம் நாள் காலை காசிலிங்கம் வந்தார். தரையைச் சோதிக்க அவருக்கு ஒரே வழிதான்: குதிகாலை ஊன்றி, உடம்பின் கனத்தை அதில் போட்டு ஒரு திருகு. தடம் விழுந்தால் தரை ஆகவில்லை. பாத்தி முழுக்கத் திருகிக்கொண்டே போனார். எங்கும் விழவில்லை. முதல் குழியிருந்த இடத்திலும் விழவில்லை. இரண்டாவதில் அரை அங்குலம் அமுங்கியது.

"இன்னும் ரெண்டு நாள்" என்று போய்விட்டார்.

அந்த இரண்டு நாளும் பலராமன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. சாப்பாட்டையும் அங்கேயே நின்று சாப்பிட்டான். எருமை ஒரு முறை வரப்பில் வந்து நின்று பார்த்தது. பக்கெட்டின் பற்கள் இல்லாததால் போய்விட்டது.

கடைசி நாள் காசிலிங்கம் குதிகாலைத் திருகினார். நகக்கீறல்போல ஒரு கோடு மட்டும். இன்னொரு முறை திருகினார். குனிந்து பார்த்தார்.

"வடக்கு வாய்க்கால்ல தண்ணி ஏறல. கொழாய மாத்திட்டு வண்டிய எடுத்துட்டு வா. வரப்ப வுட்டு எறங்காத."

அன்று மாலை வீட்டில் சருவம் நிறைய வெந்நீர், அதில் நாலு பாதங்கள். பலராமனின் போன் அடித்தது. இரும்பை ஊரிலிருந்து ஒரு கல்யாணக்காரர். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கெட்டில் உட்காரவைத்து ஊர்வலம் போகவேண்டுமாம், வீடியோவுக்கு நன்றாக இருக்குமாம்.

"அது வாய்க்கா வெட்ற கைங்க" என்றான் பலராமன்.

போனை வைத்துவிட்டு, அவள் ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தான். பாக்கியலட்சுமி சருவத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தை அவனிடம் நகர்த்தினாள்.

"விரலிடுக்க நல்லா தொடச்சிட்டுத் தடவு. நாளைக்கு கிளட்ச் மிதிக்கணும்ல."