பேனாக் கோடு போட்ட டானிக் பாட்டில்

எண்பத்து நாலில் கல்யாணமாகி ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்த வசந்தாவுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே விளங்கிவிட்டது. அந்த பிளாக்கில் டாக்டர் அல்லாதவர் யாருமே கிடையாது.

மகள் காமாட்சி பிறந்தது எண்பத்தெட்டில், மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு. நாலு வயதாகியும் பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கிண்ணங்களை வரிசையாக அடுக்கிவிட்டு மணிக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எழும்பூரில் ஒரு டாக்டர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு ஆட்டிசம். மருந்து கிடையாது, மெல்ல மெல்லப் பழக்கணும்" என்றார். மருந்து எழுதாத ஆளை டாக்டர் என்று ஒப்புக்கொள்ள வசந்தாவின் கணவன் லோகநாதனுக்கு மனசு வரவில்லை. குவார்ட்டர்ஸ் கூடிப் பேசி, எல்லாம் சத்துக் குறைச்சல் என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னது.

அப்புறம் சத்து வந்து இறங்கியது. ஷிப்டுக்கு ஒரு டானிக். மீன் எண்ணெய், வல்லாரை லேகியம், யாருடைய மச்சினனோ துபாயிலிருந்து அனுப்பிய வைட்டமின் மாத்திரை. லோகநாதனுக்கு பாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். அளந்து பழகிய கை சும்மா இருக்குமா? பாட்டிலில் பேனாவால் கோடு கோடாகப் போட்டு வைத்தான். சாயங்காலம் வந்ததும் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பான். மகள் முகத்தைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காமாட்சி சாப்பிட்டது உலகத்தில் ஒன்றே ஒன்று, வெள்ளை வெளேரென்ற தயிர்சாதம். வசந்தா அதில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தாள். சாதம் லேசாக மஞ்சளடித்தது. காமாட்சி ஒரு பார்வை பார்த்துக் கிண்ணத்தைத் தள்ளினாள். மறுநாள் வெறும் தயிர்சாதத்தையும் தள்ளினாள். மூன்று நாள் தண்ணீர் மட்டும். விலா எலும்பு தெரிந்தது. லோகநாதன் பதறிப்போய் வெளியே ஓடினான். திரும்பி வந்தபோது கையில் பசிக்கு ஒரு டானிக்.

அன்று வசந்தாவுக்கு வந்த கோபம் அவன் மேலா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளை நம்பித் தின்றது ஒரே ஒரு சோறு, அதையும் கெடுத்தது நான்தானே என்று குமுறினாள். அதே கிண்ணத்தில், மகளின் கண்ணெதிரிலேயே சோறும் தயிரும் பிசைந்து வைத்தாள். நாலாம் நாள் ஒரு வாய், ஐந்தாம் நாள் அரைக் கிண்ணம். டானிக் மட்டும் தினம் ஒரு ஸ்பூன் தவறாமல் கொய்யா மரத்தடிக்குப் போனது. மட்டம் இறங்க வேண்டுமே!

மூன்று மாதத்தில் குழந்தைக்குக் கன்னம் வந்தது. "பாத்தியா, டானிக் வேலை செய்யுது!" என்று லோகநாதன் பாக்டரி முழுக்கத் தம்பட்டம் அடித்தான். பிளாக்கில் கணக்கு வராத பிள்ளைகளுக்கெல்லாம் அதே பாட்டில். வசந்தா தினம் அந்த ஒரு ஸ்பூனைக் கொய்யா மரத்துக்கே ஊற்றிவந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளானூரிலிருந்து பால் கொண்டுவரும் வேம்புலியம்மாள் காலி பாட்டிலோடு வந்து நின்றாள். "யம்மா, என் கடைசிப் பொண்ணும் உன் புள்ள மாறியே கீது. ஒரு பேச்சு இல்ல. இதுல கொஞ்சம் ஊத்திக் குடேன். அப்பால கம்மல வித்தாவது நானே வாங்கிக்கிறேன்."

லோகநாதன் பெருமையோடு டானிக்கை எடுத்தான்.

"ஊத்தாதீங்க" என்றாள் வசந்தா. "வேம்புலியம்மா, காமாட்சிக்கு இதுல நான் ஒரு சொட்டுகூடத் தரலை. எல்லாம் கொய்யா மரத்துக்குத்தான் ஊத்தினேன். உங்க பொண்ணு எதைச் சாப்பிடுதோ அதுல கைய வைக்காதீங்க. எழும்பூர்ல ஒரு டாக்டர் இருக்காரு, நானே கூட்டிட்டுப் போறேன்."

"குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லு. மரத்த இன்னாத்துக்கு இழுக்கிற?" என்று வேம்புலியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆனாலும் வியாழக்கிழமை, எழும்பூர் போக, மகளோடு ரயில் ஸ்டேஷனில் வந்து நின்றாள்.

அந்த ஞாயிறு, வேம்புலியம்மாள் போனதுமே, லோகநாதன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, தான் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அளவில் ஒரு பிழையும் இல்லை. கத்தப் போகிறான் என்று வசந்தா காத்திருந்தாள். அவன் பாட்டிலை வைத்துவிட்டு, தனக்கும் ஒரு கிண்ணத்தில் தயிர்சாதம் போட்டுக்கொண்டு மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

காமாட்சி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தாள். அது வரிசையில் இல்லை. இரண்டு விரல் நகர்த்தித் தன் கிண்ணத்துக்கு நேராக வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்‌ஷன்காரன் கிண்ணத்தைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.