இல்லாத பாலத்துக்கு ஒரு கூட்டம்

அருமனைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் குழித்துறை பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே பள்ளிக்கூட வராந்தாவில் கிராமசபைக் கூட்டம். நாற்காலிகள் நிறைய, ஆட்கள் குறைவு. ரப்பர் பால் வெட்டும் செல்வராணி என்ற பெண்மணி சாலையைக் கடந்து என்னிடம் வருகிறார்.

"சாரே, ஆளு தெகயல்லண்ணு கூட்டத்த மூணாவது தடவையும் தள்ளி வைக்கப் போறாவ. சும்மா வந்து இருங்க. காலி நாற்காலியப் பாத்துட்டுதான் ஒருத்தரும் வரமாட்டேங்காவ."

"நான் வெளியூராச்சே?"

"கையெழுத்து போடாண்டாம். இருந்தாப் போரும்."

போய் உட்காருகிறேன். தேய்த்த சட்டையும் தோல் பையுமாக ஒருவன் இருப்பதைப் பார்த்து, கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்திருப்பதாகப் பேச்சு பரவுகிறது. டீக்கடை காலியாகிறது. கால் மணி நேரத்தில் நாற்காலிகள் போதவில்லை. ஊராட்சிச் செயலர் எனக்கு மட்டும் டீ கொண்டுவந்து தருகிறார்.

செல்வராணி எழுந்து கேட்கிறார்: "ஓடைக்கு மேல பாலம் கட்டி முடிச்சாச்சுண்ணு போர்டு வச்சிருக்கிய. போர்டு நிக்கி. பாலம் எங்க?"

செயலர் என்னைப் பார்க்கிறார். நான் டீயைப் பார்க்கிறேன். இந்த மாதமே வேலை தொடங்கும் என்று செயலர் தீர்மான நோட்டில் எழுதுகிறார். பிறகு என் பக்கம் குனிந்து, "சார் எந்த டிபார்ட்மெண்ட்?" என்கிறார்.

"பஸ்ஸுக்கு நிற்கிறேன்."

அவர் கை நோட்டைத் தேடுகிறது. அது ஏற்கெனவே செல்வராணியிடம் போய்விட்டது. ஊரே வரிசையாகக் கையெழுத்துப் போடுகிறது.

"இவரு யாரா இருந்தா என்ன? கேட்டது நாங்கல்லா," என்கிறார் செல்வராணி, அடுத்தவரிடம் பேனாவை நீட்டியபடி.