குழாய்க்குள் போன மூச்சு

என் அக்கா மகள் ஆய்வு நிலையத்துக்கு ஆறு லட்சம் கடன்பட்டிருந்தாள். லேசர் கருவி படிக்க அவளை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள், திரும்பி வந்து ஐந்து வருட அளவீட்டைத் தர வேண்டும், இல்லையென்றால் செலவைக் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். ஜாமீன் கையெழுத்து என்னுடையது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பன்னிரண்டு வயதில் லேத் பட்டறை கூட்டப் போய், நாற்பதில் அதே பட்டறையை விலைக்கு வாங்கியவன். என் கையெழுத்துக்கு மதிப்பிருந்தது.

அவளுக்குக் கிடைத்தது ஜன்னலில்லாத ஒரு தகர அறை. வெளியே நின்ற இரும்புக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு குழாய் காற்றை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும். கருவிக்குள் லேசர் ஒளி கண்ணாடிகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான தடவை முட்டித் திரும்பும். காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்பதுதான் அவள் கணக்கு. அந்தக் குழாயை இணைத்துக் கொடுத்தவன் நான். கூலி கூட வாங்கவில்லை.

கதவு திறந்தால் சூடு மாறும், கருவி தடுமாறும். அதனால் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். வேறு ஊரிலிருந்த கணவன் போனில், "உன் மூஞ்சியே மறந்துபோச்சு, ஒரு போட்டோ அனுப்பு" என்பான்.

ஐந்து வருடம் முடிந்து விடுதலையாக ஏழு மாதம் இருந்தபோது ஒன்றைக் கவனித்தாள். அவள் லீவு போட்ட நாட்களில் மட்டும் அளவு இறங்கியிருந்தது.

என்னை வரச் சொன்னாள். கருவிக்குப் பக்கத்திலிருந்த இணைப்பின்மேல் ஊதினாள். சற்றுப் பொறுத்துத் திரையில் கோடு எகிறியது.

"என்னம்மா அது?"

"என் மூச்சு மாமா. இணைப்பு கசியுது, அது வழியா உள்ளே போகுது. இத்தனை வருஷமா இதையும் சேர்த்துத்தான் அளந்திருக்கேன்."

"யாருக்கும் சொல்லாம இறுக்கிட்டா?"

"இறுக்கலாம். எழுதினது அத்தனையும் பொய்யாத்தானே இருக்கும்?"

அறிக்கையை அவளே எழுதிக் கொடுத்தாள். இன்று பெரிய விஞ்ஞானி. எங்கே கருவி வைத்தாலும் முதலில் இணைப்புகளில் ஊதிப் பார்க்கிறாள். அன்று, பழைய அளவு எதுவும் செல்லாது, முதலிலிருந்து ஐந்து வருடம் என்று பதில் வந்ததும், ஸ்டூலில் உட்கார்ந்தவள் எழவேயில்லை.

"இன்னும் அஞ்சு வருஷம் இந்தப் பெட்டிக்குள்ளயா மாமா?"

என் ஆயுளில் நான் செய்த ஒரே மட்டமான வேலை அந்த இணைப்பு. பெரிய லேத்தை விற்றேன்.

"அதை வித்துட்டு என்ன பண்ணுவீங்க?" என்று சண்டைக்கு வந்தாள்.

"சின்னது இருக்கு. அதை வச்சுத்தான் பெரிசையே வாங்கினேன்."

நிலையத்துக் காசாளர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "செக் இல்லையா பெரியவரே?"

"நமக்கு எப்பவும் ரொக்கம்தான். கையை நீட்டுங்க."

நீட்டினார். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாகக் கட்டியிருந்தேன்; ஒவ்வொரு கட்டாக எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தேன். பன்னிரண்டு.