சூடேறும் பிடியும் செருப்புப் பேஸ்டும்

"பிடிகளை, வெப்பம் தாங்கும் இருபகுதிப் பசையால் மட்டுமே ஒட்ட வேண்டும்." பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாளின் நான்காவது விதி இது. தமிழில்தான் அச்சடித்திருந்தார்கள். ஆனால் படிப்பதற்கு ஆள் வேண்டுமே.

மின் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றபின் ஒடுகத்தூரில் மலையடிவாரத்து நிலத்துக்குக் குடிவந்தேன். வீட்டிலிருந்து மேல்கழனிக்குச் சரிவும் கல்லுமான பாதை. அதற்காக வாங்கியதுதான் நாலு சக்கர பைக். சாலையில் ஓட்ட அனுமதியில்லாத வண்டி என்பதால் அதற்குப் பதிவும் கிடையாது, ஆர்.சி. புத்தகமும் கிடையாது.

எனக்கோ குளிர் பட்டால் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து மரத்துப்போகும். சென்ற மார்கழியில் பிரேக்கை அழுத்துவதாக நினைத்துக்கொண்டு அழுத்தாமலே போய், பம்ப் செட் சுவரை உரசினேன். என் மகன் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"கைல உணர்ச்சியே இல்லாம இன்னாத்துக்குப்பா வண்டி? இன்னொரு வாட்டி இடிச்சீங்க, சாவி என்கிட்ட."

வண்டி போனால் மேல்கழனியும் போனதாகவே அர்த்தம். என் முழங்கால் அந்தச் சரிவில் ஏறாது. ஆகவே ஹேண்டில் பாருக்கு, உள்ளே கம்பிச்சுருள் வைத்த சூடேறும் பிடிகளை வரவழைத்தேன். வயரிங்கில் யாரையும் கைவைக்க விடவில்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, சாவி போட்டால் மட்டும் ரிலே இயங்கும்படி ஒரு கம்பி. ஹேண்டிலை முழுவதும் திருப்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டேன். பழைய பிடிகளை அறுத்தெடுத்துப் புதியவற்றை ஒட்டும் வேலைதான் பாக்கி. அதற்கு விரலில் வலு வேண்டும். வண்டியை மினி லாரியில் ஏற்றி ஆம்பூரில் ஒரு மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

தெருவுக்குத் தெரு ஷூ கம்பெனி இருக்கும் ஆம்பூரில் எது பிய்ந்தாலும் ஒரே மருந்துதான். பையின் காது, கண்ணாடிச் சட்டம், ஃபிரிட்ஜின் ரப்பர், எல்லாவற்றுக்கும் ஷூ கம்பெனிப் பேஸ்ட். மெக்கானிக் டப்பாவைத் திறந்ததுமே வாசனை மூக்கைத் துளைத்தது.

"இன்னாய்யா அது?"

"பேஸ்ட்டு சார். சோல் ஒட்டற செக்ஷன்லதான் இருந்தேன். ஷூ கிழிஞ்சாலும் சோல் வராது."

"சோலை அழுத்தறதுக்கு முன்னாடி இன்னா பண்ணுவீங்க?"

"ஹீட்டர்ல வாட்டுவோம்."

"ஏன்?"

"அப்பதான சார் பேஸ்ட் இளகும்."

தன் வாயால் சொன்னான். சொல்லிவிட்டுப் பிரஷ்ஷை டப்பாவில் முக்கினான்.

"இந்தப் பிடியும் சூடேறும்யா!"

"சார், அது வேற சூடு, இது வேற சூடு."

விளக்கத்தாளைக் கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "நீங்க சொன்ன பசையே போட்றலாம் சார். பேஜார் ஆவாதீங்க. போய் பிரியாணி சாப்ட்டு வாங்க," என்றார். சாப்பிட்டு வந்தேன். பிடிகள் அசையாமல் நின்றன. குழாய்க்கும் பிடிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எந்த ஆய்வாளராலும் முடியாது.

மறுநாள் விடியலில் வண்டியை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்களுக்கு ரத்தம் வந்தது, பிரேக்கின் விளிம்பு விரலில் உறைத்தது. மேல்கழனிக்கு ஏறிவிட்டுத் திரும்பும்போது சரிவில் பாதி இறங்கியிருப்பேன், இடது பிடி மெதுவாகச் சுழன்றது, பிறகு கழன்று என் கையோடு வந்தது. முளைத்து நின்ற வேர்க்கடலைக்குள் வண்டி பாய்ந்து வரப்பில் மோதி நின்றது. எனக்கு அடி இல்லை. குழாயிலிருந்து மஞ்சள் பேஸ்ட் நூல்நூலாகத் தொங்கியது.

ஓடிவந்த மகன் பார்த்தான். "வயரிங் சூப்பரா கீதுப்பா. கிரிப்புதான் உங்க கைல கீது."

"ஒட்டினது தப்பு. பொருள் சரியானது. நான் நிரூபிக்கறேன்."

"கம்பெனிக்காரன் எழுதிக் குடுக்கட்டும், சாவி தர்றேன்," என்று சொல்லிச் சாவியை உருவிக்கொண்டான்.

கடைக்காரரைப் போனில் கேட்டேன். "அந்தப் பசை ஸ்டாக் இல்ல சார். உங்க நல்லதுக்குத்தான் பேஸ்ட் ஜாஸ்தியாவே போட்டோம்," என்றார். வெட்கம் துளியும் இல்லாத குரல்.

நிறுவனத்துக்குப் புகைப்படங்களோடு எழுதினேன். என் கருத்து அவர்களுக்கு மிக முக்கியமானது என்று ஓர் இயந்திரம் உடனே தெரிவித்தது. நினைவூட்டல் அனுப்பினேன். அதே இயந்திரம் அதே மரியாதையோடு அதையே தெரிவித்தது. தை போனது, மாசி போனது. பங்குனியில் மகன் வண்டியை ஏலகிரியில் சவாரி விடும் ஒருவருக்கு விற்றுவிட்டான். புத்தகம் இல்லாத வண்டிக்கு என் கையெழுத்து தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்தவனுக்குக் கிடைத்த மரியாதை அது. மேல்கழனியைக் குத்தகைக்கு விட்டாயிற்று.

பிறகு பதில் வந்தது. தவறு பசையில்தான், பிடிகளில் குறை இல்லை, வயரிங் விதிப்படியே இருக்கிறது, முறையாக ஒட்டினால் வண்டியைத் தாராளமாக ஓட்டலாம் என்று பொறியாளர் ஒருவர் கையெழுத்திட்டிருந்தார். தேதி, சித்திரை இருபத்தொன்று. கத்திரி வெயில் தொடங்கிய நாள்.