பின் சாஃப்ட் இல்லாத ஜீப்

அறுபதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் நான் பிரசவம் பார்க்கும் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம், சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் எல்லாம் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு ஆனந்தமாக நிற்பார்கள். எனக்கு மட்டும் சாரல் என்றாலே எரிச்சல். துணி காயாது, அடுப்பு எரியாது, மலைமேல் யாருக்காவது வலி கண்டால் போய்ச் சேர வழி இருக்காது.

அன்று காலையில் மேலே இருக்கிற ஒரு எஸ்டேட்டிலிருந்து ஜீப் வந்தது. ஏலக்காயும் கிராம்பும் போட்ட எஸ்டேட். டிரைவர் ஆலங்குளம் பக்கத்துக்காரர், நாற்பது வயதைத் தாண்டிய பிள்ளைகுட்டிக்காரர். யுத்தகாலத்தில் பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர் என்று சொல்வார்கள். எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு முந்தின நாளே வலி எடுத்துவிட்டது, பிள்ளையின் கை மட்டும் வெளியே வந்து நிற்கிறது என்றார். பிரசவம் பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தானாகப் பிறக்காது. பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அந்த ஜீப் யுத்தத்தில் ஓடி, கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்த வண்டி. மேடு ஏறும்போதெல்லாம் நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் யாரோ சம்மட்டியால் தட்டுவதுபோல ஒரு சத்தம். என்ன சத்தம் என்று கேட்டேன். சாஃப்ட் என்றார். இன்ஜின் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீள இரும்புத் தண்டு அது. அதன் இரண்டு முனையிலும் உள்ள மூட்டு தேய்ந்து லொடலொடத்துப் போயிருந்தது.

"மூட்டு வலி மனுசனுக்கு மட்டுந்தான்னு நெனச்சீகளா நர்ஸம்மா?" என்று சிரித்தார்.

புது சாஃப்ட் வாங்கித் தரும்படி எஸ்டேட் மேனேஜரிடம் அவர் கோடையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாராம். சீசன் முடியட்டும் என்பதே எப்போதும் பதில். முதலாளியின் விருந்தாளிகள் வாராவாரம் மேலருவியில் குளிக்க வருவார்கள், வண்டியைப் படுக்கப் போட முடியாது. அதனால் தென்காசியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துப் பழைய மூட்டுக்கே பூண் போட்டு, கடைந்து, ஒப்பேற்றி மாட்டியிருந்தார். விருந்தாளிகள் குளிப்பது நிற்கக்கூடாது என்பதற்காக ஒரு வண்டியை இப்படியா ஓட்டுவது என்று எனக்குக் கோபம் வந்தது. "முதலாளி ஏறும்போது இந்தச் சத்தம் அவர் காதில் விழாதா?" என்றேன். அவர் கியரை மாற்றி அடுத்த மேட்டில் ஏற்றினார்.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அந்தப் பூண் போட்ட மூட்டு உடைந்தது. இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். சாஃப்டின் ஒரு முனை கழன்று பாதையில் உழுதுகொண்டே வந்தது. அவர் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, சேற்றில் படுத்து அடியில் நுழைந்தார். கழற்றின நட்டு எதுவும் காட்டில் விழுந்துவிடக் கூடாது என்று நான் என் கிட்னி டிரேயை நீட்டினேன். கத்தரிக்கோலும் பஞ்சும் கிடக்க வேண்டிய இடத்தில் கிரீஸ் அப்பின நட்டுகள் கிடந்தன. சாஃப்டை முழுசாகக் கழற்றி, சாக்கில் சுற்றி, பின்பக்கம் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

இனி நடந்துதான் போக வேண்டும் என்று நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். அவர் தடுத்தார். அந்த ஜீப்பில் பெரிய கியருக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள் உண்டு. அதில் ஒன்றைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சின்னக் கியர் என்பார் அதை.

"பின்சக்கரம் இனி சும்மாதான் உருளும். முன்சக்கரம் இழுத்துட்டுப் போயிரும். இந்தச் சின்னக் கியர் மட்டும் விழுந்தே கெடக்கணும். இத எடுத்துட்டா வண்டி வெறும் கட்டிலு" என்றார்.

பாதையில் மலைச்சாமி கோயில் ஒன்று உண்டு. கோயில் என்றால் கட்டடம் கிடையாது. ஒரு மரம், அடியில் நட்ட கல், சூலம், பொங்கல் வைக்கிறவர்கள் விட்டுப்போன கரி பிடித்த அடுப்புக்கற்கள். மலையேறுகிற எந்த வண்டியும் அங்கே நின்று சூடம் கொளுத்தாமல் போகாது. ஏறும்போது சொல்லிக்கொண்டு ஏற வேண்டும், இறங்கும்போது சொல்லிக்கொண்டு இறங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அன்று அங்கே நிறுத்தி வேகம் விட்டுப்போனால், முன்சக்கரம் மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த ஏற்றத்தைப் பிடிப்பது கஷ்டம் என்பதால் அவர் நிற்காமல் போனார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, இறங்கும்போது சூடம் கொளுத்துகிறேன் என்று சாமியிடம் சத்தமாகவே சொன்னார்.

எஸ்டேட்டில் வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் அந்தப் பெண் சுருண்டு கிடந்தாள். வாசலில் அவளுடைய இரண்டு பிள்ளைகள், ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. வயிற்றில் குழலை வைத்துக் கேட்டேன். மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். பிள்ளையின் துடிப்பு இல்லை. வெளியே வந்திருந்த சின்னக் கை நீலம் பாரித்திருந்தது. இனி அவளைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையை எடுத்தால் பிழைப்பாள். தாமதமானால் கர்ப்பப்பை கிழிந்து அவளும் போய்விடுவாள். அவளுடைய புருஷனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பாயைச் சுருட்டி எடுத்துவந்து ஜீப்பின் பின்பக்கம் விரித்தார்.

இறங்கும்போது டிரைவர் வண்டியை உருட்டிய விதத்தை இப்போதும் சொல்ல வேண்டும். ஒரு குலுக்கல் கிடையாது. பின்னால் அந்தப் பெண் முனகினால் உடனே வேகத்தைக் குறைப்பார். இப்படி ஒரு டிரைவருக்கு இப்படி ஒரு வண்டியா என்று மனசு அடித்துக்கொண்டது.

மலைச்சாமி இடம் வந்தது. அந்த இடத்தில் பாதை கொஞ்சம் சமமாக இருக்கும், தாண்டினால் செங்குத்தான இறக்கம், அதன் முடிவில் வளைவு, வளைவுக்கு அப்பால் பள்ளம். அவர் வண்டியை ஓரம் கட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொம்பள சாகக் கெடக்கா, ஒமக்கு இப்ப சூடமா?" என்றேன்.

"அவளுக்காகத்தான் நர்ஸம்மா. இந்தா வந்துட்டேன்."

அவர் இறங்கியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிரேக்கை மிதித்தார். இன்ஜினை நிறுத்தினார். கைபிரேக்கை இழுத்து மாட்டினார். எல்லாம் கிரமமாகச் செய்தார். நடுவில் இடது கையால் ஒரு கம்பியை மேலே தட்டிவிட்டார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வண்டியை நிறுத்தினால் முதலில் சின்னக் கியரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவன் மறந்து தார் ரோட்டில் ஓட்டி முன்சக்கரத்துப் பல்லை எல்லாம் கெடுத்துவிடுவான் என்று அந்த எஸ்டேட்டில் டிரைவர்களுக்குச் சட்டம். தினம் தினம் செய்து பழகின கை. காலையில் என்னிடம் சொன்ன புத்தி ஒரு பக்கம் இருக்க, கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டது.

அவர் எனக்கு இடது பக்கம், மலையோரம் நின்று சூடத்தைப் பற்றவைக்கப் பார்த்தார். சாரலில் தீக்குச்சி நமத்துப் போயிருந்தது. பின்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வலி வந்து உடம்பை முறுக்கினாள். புருஷன் அவளைப் பிடிக்க எழுந்தார். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு மெதுவாக, மாடு நகர்வதுபோல நகர ஆரம்பித்தது.

நான் கத்தினேன். கைபிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது ஏற்கெனவே முழுசாக இழுத்துத்தான் இருந்தது. வண்டி நிற்கவில்லை. காலடியில் எந்த மிதிகட்டை எதற்கு என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் அந்தப் பக்கம் என் கால் எட்டியிருக்காது. வண்டி இறக்கத்தைத் தொட்டுவிட்டது.

அவர் வண்டிக்குள் பாய்ந்து ஏற முடியாது, அவர் நின்ற பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போக நேரமில்லை. குனிந்து பொங்கல் அடுப்புக்கல் ஒன்றைத் தூக்கினார். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடினார். இடது முன்சக்கரத்துக்குக் கீழே கல்லைப் போட்டு, அது நழுவாமல் இருக்கக் காலால் அழுத்திக்கொண்டு நின்றார். சக்கரம் கல்லில் இடித்தது. வண்டி அப்படியே மலைப்பக்கம் திரும்பி, அவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய் மலைச்சுவரில் முட்டி நின்றது.

பள்ளத்தின் பக்கம் போக வேண்டிய நாங்கள் பிழைத்தோம். பம்பருக்கும் பாறைக்கும் நடுவே அவர் நின்றுகொண்டிருந்தார். கீழே விழ இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே மரம் ஏற்றின லாரி ஒன்று வந்தது, அதுவும் சூடம் கொளுத்த நிற்பதற்காக. லாரிக்காரர்களும் அந்தப் பெண்ணின் புருஷனும் சேர்ந்து ஜீப்பைப் பின்னுக்குத் தள்ளினார்கள். டிரைவரைப் பாதையோரத்தில் படுக்கவைத்தோம். விலா எலும்புகள் உள்ளே போயிருந்தன. வாயோரம் நுரையும் ரத்தமும். லாரி டிரைவர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். சின்னக் கியர் நின்ற நிலையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் பைத்தியக்காரி மாதிரி, கைபிரேக் போட்டிருக்கிறதே, பாருங்கள், போட்டிருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"இந்த வண்டியில கைபிரேக்கு சக்கரத்தப் பிடிக்காதும்மா. கியர்ப் பெட்டிக்குப் பின்னால சாஃப்டத்தான் பிடிக்கும். சாஃப்ட்டு அந்தா சாக்குக்குள்ளல்லா கெடக்கு" என்றார் லாரி டிரைவர்.

சின்னக் கியராவது விழுந்திருந்தால் அந்தப் பிடி முன்சக்கரத்துக்குப் போயிருக்கும். அதையும் எடுத்துவிட்டதால், கைபிரேக் எதையும் பிடிக்காமல் சும்மா இழுபட்டு நின்றிருக்கிறது.

ஜீப்பின் முன்சக்கரம் கோணிப்போய்விட்டது. ஓட்ட முடியாது. லாரியின் முன்பக்கம் ஒருவரைத்தான் படுக்கவைக்கலாம். பின்னால் முழுக்க மரம். டிரைவரைத் தூக்க முயன்றோம். அசைத்த உடனே ரத்தம் கொப்பளித்து வந்தது. மரத்தின்மேல் போட்டுக் குலுக்கிக் கொண்டுபோனால் அடுத்த வளைவுகூடத் தாண்டமாட்டார். அங்கேயே இருந்தாலும் அதிக நேரம் இல்லை. அந்தப் பெண்ணுக்கோ இன்னும் வாய்ப்பு இருந்தது. இதை நான்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரே சொன்னார். "அந்தப் புள்ளய ஏத்துங்க நர்ஸம்மா."

பிறகு விரலை அசைத்து என்னைக் குனியச் சொன்னார். வீட்டுக்கு ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன்.

"வண்டியில பின் சாஃப்ட் இல்ல. தெரியாம எவனாவது ஏறிரப் போறான். எடுக்கவன்ட்ட சொல்லிருங்க."

அவ்வளவுதான் அவர் என்னிடம் பேசியது.

அந்தப் பெண்ணின் புருஷன் லாரியில் ஏறவில்லை. "நான் இவுககூட இருக்கேன், நீங்க அவளப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, சேற்றில் உட்கார்ந்து டிரைவரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். லாரி கிளம்பும்போது பார்த்தேன். தன் தோள்துண்டை விரித்து அவர் முகத்தில் சாரல் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

தென்காசியில் அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். செத்த பிள்ளையை எடுத்தார்கள். வேறு வண்டியை அனுப்பி மேலே போய்ப் பார்த்தபோது டிரைவர் இறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அந்த மனுஷன் மட்டும் துண்டை இன்னும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாராம். கையை இறக்க வைப்பதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது என்று சொன்னார்கள்.

போலீஸ் விசாரணையில் எஸ்டேட் பக்கத்திலிருந்து வந்தவர், டிரைவர் பிரேக் போடாமல் சாமி கும்பிடப் போய்விட்டார் என்றார். நான் எழுந்து, போட்டார், என் கண்ணால் பார்த்தேன், என் கையால் இழுத்தும் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் ஒரு கம்பியைப் பழக்கத்தில் தட்டிவிட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அதோடு, அந்தக் கம்பியை நம்பி மலை இறங்க வேண்டிய நிலைமையில் அவரை வைத்தது யார் என்றும் கேட்டேன். அங்கே இருந்தவர்கள் எல்லாம் மேசையைப் பார்த்தார்கள்.

ஆடி முடிவதற்குள் அந்த ஜீப்பை மறுபடி மலைப்பாதையில் பார்த்தேன். மதுரையிலிருந்து புது சாஃப்ட் பஸ்ஸில் வந்ததாம். மாட்டுவதற்கு ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லையாம். புது டிரைவர் நிறுத்தி, ஏறுகிறீர்களா என்று கேட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அடியில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரோட்டில் நின்றபடி நெஞ்சு வெடிக்க அழுதேன். அந்த ஆள் பயந்து போய்விட்டார்.

அழுது முடித்து, பின் சாஃப்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். இல்லாமல் போகிற அன்றைக்குக் கைபிரேக்கை நம்பாதீர்கள், சின்னக் கியரில் கை வைக்காதீர்கள், சக்கரத்துக்குக் கல் கொடுக்காமல் இறங்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

இத்தனை வருஷம் கழித்தும், எங்கேயாவது யாராவது இப்போதைக்கு இது ஓடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால், சாகிற நேரத்தில் பெற்ற பிள்ளைகளைக்கூட நினைக்காமல் முகம் தெரியாத அடுத்த டிரைவரை நினைத்த அந்த மனிதர் என் காதோரம் வந்து நிற்கிறார். எடுக்கிறவனிடம் சொல்லிவிடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதை இன்னும் நான் சொல்லி முடித்தபாடில்லை.