சுல்தானின் முதுகெலும்பு

ஒரு செம்மறிக் கிடாயை நான் மூன்று வாரம் அரைப்பட்டினி போட்டிருக்கிறேன். அதைத் தொடவில்லை, அது நின்ற வீட்டுப் பக்கம் போகவுமில்லை. எல்லாம் போனிலேயே முடிந்தது.

அப்போது நான் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் கால்நடை உத்தியோகத்தர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அந்த வயதில் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வரும். எனக்குக் கொஞ்சம் முந்தியே வந்திருந்தது.

மடவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த பாரூக் நானா அந்தக் கிடாயை வளர்த்தார். வளர்த்தார் என்பது பேச்சுக்குத்தான். தாய் செத்த நாளிலிருந்து அதற்குப் போத்தலில் பால் கொடுத்தவர் அவருடைய மனைவி நஸீமா ராத்தா. சுல்தான் என்று பெயர் வைத்தவரும் அவரே. கண்டியில் கால்நடைக் கண்காட்சிக்குப் பத்து வாரம் இருந்தபோது நானா வீட்டில் ஒரு முடிவு சொல்லிவிட்டார்.

"எடம் ஒண்டு எடுத்தா இனத்துக்கு வெச்சிக்குவம். இல்லாட்டி ஹஜ்ஜுப் பெருநாளைக்கு குர்பானுக்கு அறுக்கக் குடுத்திருவம்."

அவருக்கு இரண்டுமே நல்ல காரியம். ராத்தாவுக்கு ஒன்றைத்தான் தாங்க முடியும்.

நானா எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். அன்று நல்ல மழை, மடவளை ஏற்றத்தில் மோட்டார் சைக்கிளை விட எனக்கு மனமில்லை. படத்தில் சுல்தான் மெத்தை மாதிரி நின்றது. "கொழுப்பு கூடிப்போச்சு. புண்ணாக்கை நிறுத்துங்க, தவிட்டைப் பாதியாக்குங்க" என்று பெருவிரலால் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். நானா, 'சேர் சொன்னால் சரி' என்று கட்டைவிரல் படம் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ராத்தா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சேர், பிழையா நெனக்காதீங்க. நான் டெய்லி சுபஹு தொழுகைக்குப் பொறகு அவன்ட முதுகத் தடவுறவ. இப்ப எலும்பு கைல குத்துது. கொழுப்பு ஈக்கிற ஆட்டுக்கு எலும்பு குத்துமா?"

"முடி ஈரமா இருந்தா அப்படித்தாங்க தெரியும்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எனக்கே அது நம்பும்படி இல்லை.

அன்று பின்னேரமே போனேன். கடைசி விலாவுக்குப் பின்னால் கையை வைத்து அமுக்கினேன். முதுகெலும்பின் நுனிகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டின. பொடி கொண்டிஷன் ஸ்கோர், அதாவது உடம்புச் சதைக்குப் போடும் புள்ளி, ஐந்துக்கு இரண்டுதான்; மூன்றாவது இருக்க வேண்டும். மெத்தை எல்லாம் உரோமம்! பயிற்சி எடுத்த முதல் நாளே எங்களுக்குச் சொன்ன பாடம் அது: செம்மறியைக் கண்ணால் பார்க்காதே, கையால் பார். பிறகு வந்த புதியவர்களுக்கு அதையே நானும் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

"பிழை என்னோடதுங்க ராத்தா" என்றேன். வெட்கமாக இருந்தது. நானா உடனே ஒரு வாளி புண்ணாக்கோடு வந்து நின்றார்.

"ஏழு கெழமதான் ஈக்கி சேர். இண்டைக்கே ஏத்துவமா?"

"ஏத்துனா இன்னைக்கே வயிறு ஊதி விழுந்துரும் நானா. வாளிய ராத்தாக்கிட்ட குடுங்க."

அவரிடம் கொடுத்ததுதான் நான் அந்தக் கிடாய்க்குச் செய்த ஒரே நல்ல வைத்தியம். சாணத்தைச் சோதித்துப் புழு மருந்து கொடுத்தோம். முதல் வாரம் ஒரு கைப்பிடி, அடுத்த வாரம் இரண்டு என்று புண்ணாக்கும் தவிடும் ஏறின. கிளிரிசிடியாக் குழையும் பலா இலையும் வயிறு நிறைய. சதை இறுகுவதற்காக பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஏற்றத்தில் நடை. நடத்திப் போனவர் நானா. ஏழு வாரத்தில் சுல்தானுக்குச் சதை வந்தது, நானாவுக்குத் தொப்பை இறங்கியது. கிழமைக்கு ஒருமுறை நான் போய்க் கை வைத்தேன். நான் ஸ்கோர் சொல்லும் முன்பே ராத்தா சொல்லிவிடுவார். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

கண்காட்சியன்று சுல்தான் மூன்றுக்கு வந்திருந்தது. பக்கத்தில் நின்ற கிடாய்கள் எல்லாம் அதைவிடப் பெரியவை. ராத்தா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார். நடுவராக வந்த டொக்டர் அம்மா எந்தக் கிடாயையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, வரிசையாக முதுகில் கையை மட்டும் வைத்துக்கொண்டு வந்தார். சுல்தானிடம் கை கொஞ்சம் தங்கியது. பெரிய கிடாய்கள் இரண்டைக் கொழுப்பு என்று ஒதுக்கிவிட்டு, இதற்கு மூன்றாம் இடம் கொடுத்தார்.

"இதைப் பார்த்துக்கொண்டது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். நானா நெஞ்சை நிமிர்த்தினார். என் கையும் தானாகச் சட்டைக் கொலரைச் சரிசெய்தது. ராத்தா அழுதுகொண்டிருந்தார். சுல்தான் அவர் முந்தானையைத் தின்றுகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சேர், மாசா மாசம் போட்டோ அனுப்புறன். மெலிஞ்சா, கொழுத்தா எண்டு பாத்து செல்லுங்க."

சொன்னபடியே இன்றைக்கும் அனுப்புகிறார். இப்போது ஓய்வு பெற்று தெல்தோட்டையில் இருக்கிறேன். படம் வந்தால் நான் பதில் தட்டுவதில்லை. கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மடவளைக்கு ஒரு பஸ் ஏறிப் போய், சுல்தானின் முதுகில் கையை வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.